மூன்றாவது தப்பு

காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் எடுத்து வையுங்கள் சார். சீட்டுக்கு அடியில் என் பை இருக்கிறது. அதில் இரண்டு பாட்டில். உடைந்துபோனால் நான் பாதி வழியில் இறங்கி, ராணிப்பேட்டைக்குத் திரும்பிப் போய் மறுபடி பிடித்துக்கொண்டு வர வேண்டும். தண்ணீர்தான், ஆனால் குடிக்கிறதுக்கு இல்லை. ஒன்று போர் தண்ணீர், ஒன்று மிஷின் தண்ணீர். எது எது என்று சீட்டெழுதி ஒட்டியிருக்கிறேன்.

நான் பஸ்ஸில் பேசுகிற ஆள் இல்லை சார். பக்கத்து சீட்டுக்காரரிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை. இன்றைக்குப் பேசுகிறேன் என்றால் வயிறு எரிகிறது, அதனால் பேசுகிறேன். நான் பூந்தமல்லியில் இறங்க வேண்டும். அதற்குள் சொல்லிவிடலாம், பெரிய கதை இல்லை.

எங்கள் கம்பெனியில் புளிப்பு தயாரிக்கிறோம். லாக்டிக் அமிலம். பால் தயிராகும்போது ஒரு புளிப்பு வருகிறதே, அதுதான். அதை மூட்டைச் சர்க்கரையிலிருந்து எடுக்கிறோம். ஊறுகாய்க்காரர்கள் வாங்குகிறார்கள், தோல் பதனிடுகிறவர்கள் வாங்குகிறார்கள், மருந்துக் கம்பெனிகூட வாங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் சர்க்கரையைத் தின்று புளிப்பாக்குகிறது. நாங்கள் கல்ச்சர் என்போம். அந்தக் கல்ச்சருக்குச் சாப்பாடு கலக்குகிறது என் வேலை. அந்தச் சாப்பாட்டை மீடியா என்பார்கள், காகிதத்தில் ஊடகம் என்று எழுதுவார்கள். இருநூறு கிலோ சர்க்கரை, பன்னிரண்டு கிலோ ஈஸ்ட் பொடி, நாலு வகை உப்பு, இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர். கொதிக்க வைத்து ஆறவிட்டு, கல்ச்சரை விட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் லிட்டருக்கு எண்பத்தெட்டு கிராம் புளிப்பு. புளிப்பு ஏற ஏற சுண்ணாம்பு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்ச்சர் தன் புளிப்பிலேயே செத்துப்போகும். ஒரு பேட்சுக்கு மூன்று மூட்டை சுண்ணாம்பு குடிக்கும். மூன்று மூட்டை போனால் பேட்ச் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நான் எட்டாம் வகுப்பு சார். ஆனால் தராசில் என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. எதையும் இரண்டு தடவை நிறுப்பேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் நோட்டில் ஏற்றுவேன். இருபத்தாறு வருஷத்தில் மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு பேட்ச் கலக்கியிருக்கிறேன். அதில் என் தப்பு இரண்டு. ஒரு தடவை உப்பு மாறிப்போனது. ஒரு தடவை சர்க்கரை ஒரு மூட்டை அதிகமாக விழுந்துவிட்டது. இரண்டையும் கல்ச்சர் விடுவதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானே சொன்னேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவனுக்கு மெமோ கொடுத்தார்கள். "ஊடகம் தயாரிப்பதில் அளவு தவறு, கவனக்குறைவு." பாருங்கள், இந்தக் காகிதம்தான். படிக்க வேண்டாம், நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம். வைகாசியோடு நான் ரிட்டயர். இருபத்தாறு வருஷத்துக்கு என் பைலில் கடைசியாக இருக்கப்போகிற வரி இது. அளவு தவறு.

நடந்தது இதுதான். புரட்டாசி மாதம் எனக்கு இடது கண்ணில் ஆபரேஷன். பதினைந்து நாள் லீவு. எங்கள் கம்பெனியில் மூன்று டேங்க். ஒன்றும் இரண்டும் என்னுடையது. மூன்றாவது தனகோட்டியுடையது. நான் லீவில் இருந்தபோது என் டேங்க் இரண்டையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். அவன் நிறுக்கிற அழகைச் சொல்ல வேண்டும் சார். மூட்டையில் கையை விட்டு அள்ளிப் போடுவான். தராசு முள் நிற்பதற்குள் எடுத்துவிடுவான். பன்னிரண்டு கிலோ என்றால் பதினொன்றரையும் இருக்கும், பன்னிரண்டே முக்காலும் இருக்கும். வாயில் எந்நேரமும் ஹான்ஸ் புகையிலை. கேட்டால், "இன்னாண்ணே, தாலிக்கா தங்கம் நிறுக்கிற? கிருமி துன்றதுக்குத்தானே" என்பான்.

நான் இல்லாத பதினைந்து நாளும் புளிப்பு எண்பத்தேழு, எண்பத்தொன்பது. நான் திரும்பி வந்து கலக்கிய முதல் பேட்ச் நாற்பத்தொன்று.

யோசித்துப் பாருங்கள், என் நிலைமை எப்படி இருக்கும். நாற்பத்தொன்று. அடுத்தது முப்பத்தெட்டு. இன்னொரு டேங்கிலும் அதே நாற்பது. சுண்ணாம்பு ஒன்றரை மூட்டைக்கு மேல் இறங்கவில்லை. சர்க்கரை பாதிக்குப் பாதி அப்படியே நிற்கிறது, தொட்டு நாக்கில் வைத்தால் பாயசம் மாதிரி இனிக்கிறது. பக்கத்திலேயே தனகோட்டி டேங்க், சுவருக்கு அந்தப் பக்கம், கொதித்துக்கொண்டு கிடக்கிறது. எண்பத்தெட்டு.

மேனேஜர் வித்யாசாகர். என் பெரிய மகன் வயதுதான். என்னைக் கூப்பிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல், "பெரியவரே, கண்ணு சரியா தெரியலன்னா சொல்லிடுங்க, அசிங்கம் ஒண்ணும் இல்ல" என்றார்.

"தெரியுது சார்" என்றேன்.

"அந்தக் காலண்டர்ல தேதி இன்னா?"

படித்துச் சொன்னேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்த ராகு காலத்தையும் சொன்னேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெளியே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் சர்க்கரையைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். தின்னாத சர்க்கரை இன்னும் அதிகமாக நின்றது. கல்ச்சர் கிழடு தட்டிவிட்டது என்று வெளியிலிருந்து புதுக் கல்ச்சர் வரவழைத்தார். அது முப்பத்தொன்பது கொடுத்தது. அப்புறம்தான், ஏழாவது பேட்சுக்குப் பிறகு, மெமோ. அதோடு விட்டாரா என்றால் இல்லை. இனிமேல் நான் நிறுக்கிற ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று பார்த்துத் தனகோட்டி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

தனகோட்டி. என் நோட்டில்.

நான் நிறுப்பேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பான். "பாரு தனகோட்டி, பன்னிரண்டு" என்பேன். "நீ போட்டா சரியாத்தாண்ணே இருக்கும், நான் இன்னாத்த பாக்கறது" என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவான். எப்படி எரியும் சொல்லுங்கள். பார்க்கிறதுக்காகத்தானே உன்னை நிறுத்தியிருக்கிறார்கள். பார்த்துத் தொலையேன். பார்த்தால்தானே என் அளவு சரி என்பதற்கு நீ சாட்சி.

கையெழுத்து விழுந்த பிறகும் புளிப்பு நாற்பதைத் தாண்டவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. என் அளவு சரி. அவன் அளவு தப்பு. என் டேங்க் படுத்துக் கிடக்கிறது, அவன் டேங்க் எழுந்து ஆடுகிறது. அப்படியென்றால் அவன் எதையோ அதில் போடுகிறான். யாருக்கும் தெரியாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுகிறான், நான் போன பிறகு என் இடத்துக்கு வரலாம் என்று. வேறு எப்படி இருக்க முடியும்? கணக்குப் போட்டால் அதுதான் வருகிறது. அப்படியே மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். தை மாதம், எட்டாம் தேதி. என் கையெழுத்தில்தான்.

ஷிப்டு மாறுகிற நேரத்தில் கேட்டில் வைத்துத் தனகோட்டியைச் சோதனை போட்டார்கள். நான் மீடியா ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பதினான்கு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே பனியன் முதுகில் கிழிந்திருந்தது. டிபன் கேரியரை ஒவ்வொரு அடுக்காகத் திறந்தார்கள். சோறு. கருவாட்டுக் குழம்பு. வாட்ச்மேன் குழம்புக்குள் கரண்டியை விட்டுக் கலக்கிப் பார்த்தான். "கொழம்புல கைய வுட்றாதப்பா, நான் துன்னணும்" என்றான் தனகோட்டி. அவ்வளவுதான் சொன்னான். ஒன்றும் அகப்படவில்லை.

சரி, அது போகட்டும். ஒன்றைச் சந்தேகப்பட்டால் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். நான் விஷயத்துக்கு வருகிறேன்.

மாசியில் லேபுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஷமீனா, ஊர் மேல்விஷாரம். பெரிய படிப்பு, ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற பிள்ளை இல்லை. வந்த மூன்றாம் நாள் என் நோட்டு பதினொன்றையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து படித்தாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த நோட்டை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான். திருப்பிக் கொடுக்கும்போது, "ஐயா, ஒங்க அளவுல தப்பே இல்ல" என்றாள். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கேட்டாள். "மூணாவது டேங்குக்கும் ஒங்க டேங்குக்கும் இன்னா வித்தியாசம்?"

"ஆள்தான் வித்தியாசம்" என்றேன்.

"ஆளைத் தவிர?"

"ஒன்றும் இல்லையம்மா. அதே சர்க்கரை, அதே பொடி, அதே கல்ச்சர்."

அவள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சுற்றிப் பார்த்தாள். மூன்றாவது டேங்கில் தண்ணீர் விழுகிற குழாய்க்குக் கீழே தரையில் காபி நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை. "இது இன்னா கறை ஐயா?"

எனக்கு இதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம் உண்டு. எங்கள் போர் தண்ணீர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் சார். பாத்திரமெல்லாம் கறுப்பும் பழுப்புமாகப் படியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. நான் தேய்க்காத நாள் கிடையாது. அளவு சுத்தமாக இருந்தால் மட்டும் போதுமா, தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டாமா? நல்ல தண்ணீர் வேண்டும் என்று மனு எழுதினேன். ஒன்றல்ல, பதினொன்று. நாலு மேனேஜருக்கு எழுதினேன். கடைசியில் வித்யாசாகர்தான் மிஷின் போட்டார், ஆர்.ஓ. மிஷின். கண்ணாடி மாதிரித் தண்ணீர். நான் லீவு முடிந்து வந்த அன்றைக்குத்தான் அதைத் திறந்தார்கள். எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் இழுக்கச் சுவரை இடிக்க வேண்டும் என்று மூன்றாவது டேங்கை மட்டும் விட்டுவிட்டார்கள். அது அநியாயம் என்று மார்கழியில் பன்னிரண்டாவது மனுவும் கொடுத்தேன், அந்த டேங்குக்கும் நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கறையைப் பார்த்தாள்.

மறுநாள் நாலு பாட்டில் எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு லிட்டர். நாலுக்கும் அதே சர்க்கரை, அதே பொடி. "நீங்களே நிறுங்க ஐயா, வேற யாரும் தொட வேணாம்" என்றாள். நிறுத்தேன். முதல் பாட்டிலில் மிஷின் தண்ணீர். இரண்டாவதில் போர் தண்ணீர். மூன்றாவதில் மிஷின் தண்ணீர், ஈஸ்ட் பொடி மட்டும் இரண்டு பங்கு. நாலாவதில் மிஷின் தண்ணீரும் ஒரு உப்பும். வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது அந்த உப்பு. மாங்கனீசு என்றாள். லிட்டருக்கு முப்பது மில்லிகிராம். பத்து எள்ளை நிறுத்தால் அவ்வளவு இருக்கும். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தோம். முதல் பாட்டில் முப்பத்தொன்பது. இரண்டாவது எண்பத்தேழு. மூன்றாவது ஐம்பத்திரண்டு. நாலாவது எண்பத்தாறு.

நான் அந்த நாலு எண்ணையும் என் நோட்டில் எழுதினேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "பந்தியில சோறு மலையா கெடக்குது ஐயா, இலை போடல. எப்படிச் சாப்பிடும்? சர்க்கரை எவ்வளவு கொட்டுனாலும் அந்தத் துளி உப்பு இல்லாம அதுங்களால அதைப் புளிப்பாக்க முடியாது. ஈஸ்ட் பொடியில கொஞ்சம் கீது, அதான் ரெண்டு பங்கு போட்டா கொஞ்சம் ஏறுது. போர் தண்ணியில அது நெறைய கீது. ஒங்க பாத்திரத்துல படிஞ்ச கறையே அதுதான்."

"அப்படியென்றால் அளவுச் சீட்டில் ஏன் அந்த உப்பு இல்லை?" என்றேன்.

"கம்பெனி ஆரம்பிச்சவங்க போர் தண்ணியிலதானே கலக்கிப் பாத்திருப்பாங்க. அதுவே வந்துகினு இருந்துச்சு. யாரும் எழுதல."

இருபத்தாறு வருஷமாக நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினது அதைத்தான் சார்.

இரண்டு டேங்குக்கும் அந்த ரோஜா நிற உப்பை அறுபது அறுபது கிராம் நிறுத்துப் போட்டேன். எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. சுண்ணாம்பு மூன்று மூட்டை போனது. நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். எதையாவது வாயால் கேட்க நானாக அந்த ரூமுக்குள் போனது அதுதான் முதல் தடவை. "சார், அளவு தவறு இல்லை. மெமோவை எடுக்க வேண்டும்" என்றேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டையும் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சரி பெரியவரே, அளவு தப்பு இல்ல. ஒத்துக்கறேன். தண்ணிய மாத்தச் சொன்னது யாரு?"

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார்.

"பதினோரு மனு கீது என்கிட்ட. எல்லாம் ஒங்க கையெழுத்து."

"பன்னிரண்டு சார்" என்றேன்.

அவர் சிரித்தார் சார். பக்கத்தில் டீ கொண்டுவந்தவனும் சிரித்தான். "ரெண்டு மாசத்துல போகப்போறீங்க. பைல்ல இன்னா வரி இருந்தா ஒங்களுக்கு இன்னா? யாரு படிக்கப்போறா? மொத்தத்துல தப்பு ஒங்களுதுதானே, அது அப்படியே கெடக்கட்டும்" என்றார்.

இதுதான் சார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. மொத்தத்தில் என்றால் என்ன? மொத்தத்தில் பன்னிரண்டு கிலோ என்று ஈஸ்ட் பொடி போட முடியுமா? தப்பு என்னுடையதுதான். நான் மறுக்கவில்லை. நல்ல தண்ணீர் கேட்டேன், கேட்டது தப்பாகப் போனது. அதை எழுதட்டும். அளவு தவறு என்று எழுதக் கூடாது. நான் அளவில் தவறவில்லை. செய்யாத தப்பை எழுதிவிட்டு, செய்த தப்பை எழுதாமல் விட்டால் அது என்ன பைல்?

அதனால்தான் மெட்ராஸில் ஹெட் ஆபீஸுக்குப் போகிறேன். டைரக்டரைப் பார்க்க வேண்டும். அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. எப்படிப் பேசப்போகிறேன் என்றும் தெரியவில்லை. அதுதான் எழுதியே கொண்டுபோகிறேன். கேளுங்கள். "அளவு தவறு, கவனக்குறைவு என்ற வரியை அடித்துவிட்டு, தண்ணீரில் இருப்பது என்ன என்று அறியாமல் அதை மாற்றும்படி பன்னிரண்டு முறை கேட்டது தவறு என்று எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." சரியாக இருக்கிறதா? பேரன் கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறேன் என்றான், வேண்டாம் என்று கையாலேயே எழுதினேன். என் மூன்றாவது தப்பு, இதையும் நானே போய்ச் சொல்கிறேன். பாட்டில் எதற்கு என்றால், நம்பவில்லை என்றால் அவர்களே இரண்டையும் சோதித்துப் பார்க்கட்டும்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டிவிட்டதா? இன்னும் கொஞ்சம்தான்.

என்ன கேட்டீர்கள்? தனகோட்டியா?

அவனுக்கென்ன, நன்றாக இருக்கிறான். இல்லை, அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? தண்ணீரால்தான் அவன் டேங்க் ஓடியது, அவன் கையால் இல்லை. இன்றைக்கும் அவன் அளவு தப்புதான். அதில் மாற்றம் இல்லை. சோதனை போட்டது கம்பெனி. எதுவும் அகப்படவில்லை, அதோடு முடிந்தது. இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, கேரியரை எடுத்துக்கொண்டு பாய்லர் பக்கம் போய்விடுகிறான். முன்பெல்லாம் அண்ணே அண்ணே என்பான், இப்போது சார் என்கிறான். அதுவும் மரியாதைதானே.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக்குப் பிறகு அவன் கையெழுத்து ஒழுங்காகிவிட்டது. போனைத் தொடுவதில்லை. தராசுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான், முள் நிற்கும்வரை குனிந்து பார்க்கிறான், எண்ணை வாய்விட்டுப் படிக்கிறான், நான் எழுதினதோடு ஒத்துப் பார்க்கிறான், அப்புறம்தான் போடுகிறான். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது, தராசைப் பார்த்தால் போதும். நான் இத்தனை நாள் கேட்டதும் அதைத்தானே.

பூந்தமல்லி வந்துவிட்டது. கொஞ்சம் எழுந்திருங்கள் சார், பையை எடுத்துக்கொள்கிறேன். உடையவில்லை, இரண்டும் சரியாக இருக்கிறது.

இருபத்தாறு வருஷம், மூன்று தப்பு. மூன்றே மூன்று. இவ்வளவு நேரம் கேட்டீர்களே, நீங்களே சொல்லுங்கள், அதற்கு மேல் ஒன்று இருக்கிறதா? என்ன சார், ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?